பெரஹரவில் மாப்பிள்ளை பார்க்க

“அந்தா, கொடி புடிச்சுக்கிட்டு வாராரே, அவரா பாருடி!” ஷாமிளா ஜீவராணியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“அவருக்கு அம்பது வயசு இருக்கும். ஒனக்கு வேணும்னா பேசி முடிக்கவா?”

பொசன் போயா, பௌர்ணமி லீவு. கேகாலையில் ஒரே புடவைக் கடையில் வேலை செய்யும் மூன்று பேரும் பஸ் பிடித்துப் புளத்கொகுபிட்டிய டவுனுக்கு வந்திருந்தார்கள். ஷாமிளாவும் நுஸ்ஹாவும் பெரஹர ஊர்வலம் பார்க்க. ஜீவராணி, வீட்டுக்குத் தெரியாமல் மாப்பிள்ளை பார்க்க.

பெயர் சுதாகரன். பிரதேச சபையில் வேலை. பெரஹரவில் சபை ஆட்களோடு வருவான் என்று தரகர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அவன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருவதற்குத் தயார். இன்று பொழுது சாய்வதற்குள் ஜீவராணி சரியா, இல்லையா என்று அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் எப்படிச் சரி சொல்வது? கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். அதிலும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு முகத்தை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள்.

சாட்டை சொடுக்குபவர்கள் போனார்கள். பள்ளிக்கூட பேண்ட் போனது. தேயிலைத் தோட்டத்துக் காவடி போனது. வெள்ளை உடுப்போடு சபை ஆட்கள் வந்தபோது மூன்று பேரும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். ஒரு முகமும் பொருந்தவில்லை. கடைசியில் மூன்றே மூன்று யானைகள். அவ்வளவுதான், சின்ன ஊர்ப் பெரஹர.

“முடிஞ்சு போச்சுடி. ஒம்மட மாப்பிள்ள வரவே இல்ல,” என்றாள் நுஸ்ஹா. ஜீவராணிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

யானைகளுக்குப் பின்னால் சபையின் குப்பை ட்ரக்டர் ஊர்ந்து வந்தது. யானைச் சாணம், தன்சல் அன்னதானத்தில் மிஞ்சி மழையில் ஊறிப் புளித்த சோறு, எல்லாம் அதில் கிடந்தன. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஓர் ஆள் மண்வெட்டியோடு பின்னால் நடந்து வந்தான்.

“அல்லாவே, நாத்தம்!” நுஸ்ஹா முந்தானையால் மூக்கை மூடினாள். ஷாமிளா லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது.

ஜீவராணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கச்சான் கடலை விற்ற கிழவியின் கூடை வழியில் இருந்தது. அந்த ஆள் ட்ரக்டரை நிறுத்தச் சொல்லி, “அம்மே, பொட்டக் இன்ன,” என்று கொஞ்சம் பொறுக்கும்படி சிங்களத்தில் பணிவாகச் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

பிறகு ஷாமிளாவின் காலடியில் கிடந்த குப்பைச் சாக்கின் பக்கம் வந்தான். “தங்கச்சி, கொஞ்சம் ஒதுங்குங்க.”

சாக்கு கனமாக இருந்தது. தூக்கியபோது ஒரு பக்கம் கிழிந்து சோறு கொட்டியது. ஜீவராணி சட்டென்று குனிந்து கிழிந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க, கை அழுக்காயிரும்.”

“கழுவிக்கிட்டாப் போச்சு. தூக்குங்க.”

இருவருமாகத் தூக்கி ட்ரக்டரில் போட்டார்கள். வேர்த்துக் கொட்டிய அவனுக்கு அவள் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாஸ்க்கைத் தூக்கிக் குடித்தான். “ரொம்ப நன்றிங்க,” என்று சொல்லிவிட்டு ட்ரக்டரின் பின்னால் ஓடினான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் போன் வந்தது. மூன்று தலைகளும் ஒன்றாகச் சேர்ந்தன.

“அடியே, பெரஹரவுக்கா போன? மாப்பிள்ள வீட்டுல இப்பதான் பேசுனாங்க. அந்தத் தம்பி ஒன்னயப் பாத்துச்சாம். போட்டோவுல பாத்த மூஞ்சியாம், ஒடனே தெரிஞ்சிருச்சாம். ரோடே மூக்கப் பொத்திக்கிட்டு நின்னுச்சாம், நீ மட்டும் பொத்தலயாம். கட்டுனா இந்தப் புள்ளயத்தான் கட்டுவேன்னு நிக்கிதாம். சரின்னு சொல்லிரவா?”

“குப்ப அள்ளுன அந்த ஆளா?” என்று வாயைப் பிளந்தாள் ஷாமிளா. நுஸ்ஹாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நாங்கல்லாம் மூக்கப் பொத்தினோமே. எவ்வளவு பெரிய மனசுடி ஒனக்கு!”

ஜீவராணிக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அம்மா, அவரு நம்பரக் குடு. ஒண்ணு சொல்லணும். அதுக்குப் பொறகும் அவருக்குச் சரின்னா எனக்கும் சரி.”

“வேணாண்டி! வந்த நல்லதக் கெடுத்துறாத. வாய மூடிக்கிட்டுச் சும்மா இரு!”

அவள் விடவில்லை. நம்பரை வாங்கி அழுத்தினாள்.

“ஜீவராணி பேசுறேங்க. நீங்க நெனைக்கிற மாதிரி எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்லீங்க. கொரோனா வந்து போனதுல இருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. குறைன்னு சொல்லிருவாங்கன்னு அம்மா யாருகிட்டயும் சொல்ல விடல. அதனாலதாங்க நான் மூக்கப் பொத்தல. ஒங்கள ஏமாத்த எனக்கு விருப்பமில்ல.”

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது.

“சரிங்க, மூக்குக்குத் தெரியல, பொத்தல. அந்தச் சாக்க எதுக்குங்க புடிச்சீங்க?”