விளி வேற்றுமை

குஞ்சுகள் ஐந்தையும் விறகடுக்கின் இடுக்கில் விட்டுவிட்டு இரை தேடச் சென்ற செங்கொண்டை என்னும் தாய்க்கோழி, திரும்பி வரும்போது அங்கே ஒரு பூனையைக் கண்டாள். பூனையால் உள்ளே நுழைய முடியாது. குஞ்சுகள் வெளியே வந்தால்தான் ஆபத்து.

பூனையோ கோழியின் குரலில் குழைந்தது: "கண்மணிகளே, செல்லங்களே, அம்மா வந்துவிட்டேன், வாருங்கள்!"

செங்கொண்டை விறகடுக்கை நோக்கி ஓடினாள்.

"யாரது?" என்று மூத்த குஞ்சு உள்ளிருந்தே அதட்டியது. "எங்கள் அம்மா எங்களை ஒருநாளும் இப்படி விளித்ததில்லை."

"பின் எப்படித்தான் விளிப்பாளாம்?" என்று பூனை தன்னை மறந்து கேட்டது.

அதற்குள் செங்கொண்டை பாய்ந்து வந்து அதன் மூக்கில் கொத்தினாள். பூனை தலைதெறிக்க ஓடியது.

"எருமைகளா! இன்னுமா முகம் கழுவவில்லை?" என்று அவள் கத்தினாள்.

"அம்மாவேதான்!" என்று கூவிக்கொண்டு ஐந்தும் வெளியே ஓடிவந்தன.