சுளுக்கு வழித்தவள்

பள்ளிக்கூடத்துப் பந்தாட்டத்தில் கணுக்கால் சுளுக்கி, வாஞ்சி நொண்டிக்கொண்டு வந்தான்.

"நாளைக்கு மைதானத்துல ஆட்டம்மா. நான் இல்லேன்னா தோத்துடுவோம்!" என்று அழுதான்.

"இரட்டைப் பிள்ளை பெத்தவ வழிச்சு விட்டாத்தான் சுளுக்கு இறங்கும். இந்தக் கல்கத்தாவுல அப்படி ஒருத்திக்கு எங்கேடா போவேன்?" என்று புலம்பினாள் அவன் அம்மா செல்லம்மாள்.

மாடிக் குடித்தனக்காரி நாகலக்ஷ்மி எண்ணெய்க் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள்.

"நீ எதுக்குடி? ஒண்ணு பெத்தவளே ஆகாதுங்கறேன். உனக்கு அதுவும் இல்லே."

"செத்த நகருங்கோ, மாமி."

கண்களை மூடிக்கொண்டு, வாஞ்சியின் காலை மடியில் வைத்து வழித்தாள். நல்லெண்ணெய் மணத்திலும், கங்கையில் எங்கோ ஊதிய கப்பலின் ஓசையிலும் அந்த அறையே மெல்ல மிதப்பது போலிருந்தது. ஒவ்வொரு தடவை வழிக்கும்போதும், "ராமா... லக்ஷ்மணா..." என்று முணுமுணுத்தாள். செல்லம்மாளும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாஞ்சி எழுந்து காலை ஊன்றினான். "அம்மா, வலியைக் காணோம்!"

செல்லம்மாள் திகைத்தாள். "அது எப்படிடி? இரட்டைப் பிள்ளை பெத்தவன்னா வழிக்கணும்?"

"பெத்தவதான், மாமி." நாகலக்ஷ்மி எண்ணெய்க் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "வளர்த்தவளா இருக்கணும்னு நீங்க சொல்லலையே."