துணைக்குப் போனவள்

"பூவு, நாளைக்குப் பொன்னேரில லேடீஸ் டாக்டராண்ட போறோம். தொணைக்கு வர்றியா?"

கனகாம்பாள் கேட்டு முடிப்பதற்குள் பூவம்மாள் சரி என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். இப்படி ஓர் அழைப்பு இதுவரை வந்ததில்லை.

கனகாம்பாளின் மருமகள் வினோதா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கும் சேர்த்துப் பூவம்மாள்தான் கவலைப்பட்டு வந்தாள். ரேஷன் கடை வரிசையிலும் தண்ணீர் லாரி வரும் நேரத்திலும் அந்தக் கவலையைத் தெருவுக்கே பங்கு போட்டுக் கொடுத்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை மாமியாரும் மருமகளும் பொன்னேரிக்குப் போய்வருவதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கேட்டால், சும்மா செக்கப் என்பார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது எந்தப் பொம்பளையாவது அந்த டாக்டரிடம் போவாளா? அவளும் மூன்று பிள்ளை பெற்றவள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் பட்டம் வாங்கினவள் மாதிரி நிமிர்ந்துகொள்வாள்.

மறுநாள் வினோதா லீவு போட்டிருந்தாள். வேலைநாளில் லீவு என்றால் விஷயம் பெரிதுதான். ஸ்டேஷன் படிக்கட்டில் வினோதா பூவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். இந்த வயசில் ஏறுவதற்கு இவளுக்கு ஒரு பிடி வேண்டியிருக்கிறதே என்று பூவம்மாளுக்குப் பாவமாக இருந்தது. நடுவில் பூவம்மாள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அதுகூட அந்தப் பெண்ணுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ரயிலில் ஜன்னலோர இடத்தைப் பூவம்மாளுக்கே கொடுத்தார்கள். மாமியாரும் மருமகளும் அதிகம் பேசவில்லை. பூவம்மாள் அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டாள். திருப்பாச்சூர் கோயிலில் வேண்டிக்கொண்டு இரட்டைப் பிள்ளை பெற்றவள், கர்ப்பப்பையில் கட்டி இருந்தது தெரியாமல் மருந்துக்கடை மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தவள் என்று வரிசையாக நாலு பேரின் கதையைக் கவரைப்பேட்டை வருவதற்குள் சொல்லி முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். வினோதா கவுன்டரில் குனிந்து ஏதோ சொல்லிப் பதிவு செய்தாள். என்ன நோய் என்று சொல்கிறாள் எனக் கேட்கப் பூவம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மேலே ஓடிய மின்விசிறியின் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. உள்ளே போகும்போது தன்னையும் கூப்பிடுவார்களா என்பது ஒன்றுதான் இப்போது அவளுடைய கவலை. எதற்கும் இருக்கட்டும் என்று வினோதாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கூச்சப்படாத கண்ணு. டாக்டராண்ட எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சா நோவு உள்ளியே வளந்துக்கினு போவும்."

வினோதா தலையசைத்தாள். "நீங்களே சொல்லிட்டீங்க பெரிம்மா. அது போதும்."

நர்ஸ் கதவைத் திறந்து கையிலிருந்த சீட்டைப் படித்தாள். "பூவம்மாள், வயசு ஐம்பத்தெட்டு."

அதே பெயரில் இன்னொருத்தியா என்று பூவம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கனகாம்பாள் அவள் மடியிலிருந்த பையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் போன மாசமே பாத்தாச்சு. பொண்ணுக்குன்னு சொல்லி மூணு மாசமா வினோதாவ நாப்கின் வாங்கியாரச் சொல்றியே, உன் பொண்ணு சூலூர்பேட்டைல இல்ல கீறா? உனக்குத் தீட்டு நின்னு ஆறு வருசம் ஆவுது, பூவு. எழுந்திரு, நானும் கூட வர்றேன்."