நின்றால் சிற்றுண்டி, உட்கார்ந்தால் லஞ்சம்

இதில் ஒரு சொல் பொய்யானாலும், மிச்சமிருக்கும் என் இரண்டு பற்களும் இந்த வரி முடிவதற்குள் உதிரட்டும்.

உதிரவில்லை. மேலே படிக்கலாம்.

காலை மணி ஒன்பது. அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரையிலுள்ள ஒரு மாநிலத் தலைநகரில், சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில், மளிகைக்கடைக்காரர் டெல்மர் ஹோகன் எண்பத்தோரு வயது செனட்டர் லைல் ஒப்டாலை விழாமல் தாங்கிக்கொண்டிருந்தார்.

தாங்கியது வலது கை. இடது கையில் இறைச்சி உருண்டைத் தட்டு.

வெளியே அப்படியொரு குளிர். காபியை ஊற்றினால் கோப்பைக்குப் போய்ச் சேருமுன் ஆடை கட்டியது.

கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. இருந்த முப்பத்திரண்டையும் விடியுமுன்பே தாழ்வாரத்துக்குக் கடத்தியவள் கரீன் ஃபைஸ்ட். சில்லறைக் கடைக்காரர்கள் சங்கத்துக்காக இருபது வருடமாக அந்தக் கட்டடத்தில் செனட்டர்களிடம் பேசிச் சம்பளம் வாங்குபவள். எந்த செனட்டருக்கு எந்தப் பல் சொத்தை என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

காலையிலேயே அவள் டெல்மரை ஓரமாக இழுத்துச் சொல்லியிருந்தாள்.

"நல்லா கேட்டுக்கோங்க, டெல்மர். நின்னுக்கிட்டு பல்குச்சில குத்தித் தின்னா அது சிற்றுண்டி. உக்காந்து தின்னா விருந்து. விருந்துன்னா லஞ்சம், அதான் சட்டம். ஒப்டால் உக்காந்தார்னா அவர் மானமும் போச்சு, நம்ம சங்கமும் போச்சு. அவர் உங்க பொறுப்பு."

டெல்மர் இப்படியொரு சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்படாத சட்டங்களுக்கெல்லாம் கட்டுப்பட்டே முப்பது வருடம் கடை நடத்தியவர். இதற்கும் தலையாட்டினார்.

ஒன்பதரைக்கு மேல்மாடியில் குழு வாக்கெடுப்பு. காலிப் புட்டி மசோதா.

அது தேறிவிட்டால், கடைக்காரன் தான் விற்ற ஒவ்வொரு புட்டியையும் காலியானபின் ஐந்து சென்ட் கொடுத்துத் திரும்ப வாங்கி, கழுவி, அடுக்கி வைத்திருக்க வேண்டும். டெல்மரின் ஊரில் நாயையும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரே கடை. அதன் பின்னறையில் ஆள் திரும்பினாலே மாவு மூட்டை சரியும். புட்டிகளும் வந்து சேர்ந்தால் கடையை மூட வேண்டியதுதான். அடுத்த மளிகை நாற்பத்தேழு மைல்.

குழுவில் ஏழு பேர். மூவர் மசோதாவுக்கு ஆதரவு, மூவர் எதிர்ப்பு.

ஏழாவது, டெல்மரின் கையில் தொங்கிய லைல் ஒப்டால்.

ஒப்டாலின் முட்டிகளை மாநிலமே அறியும். ஒன்றை ஒரு காளை மிதித்தது. மற்றதை அதே காளை மறுவருடம் நினைவாக வந்து மிதித்தது. மழைக்கு முன்தினம் இரண்டும் கிறீச்சிடும். வானொலியை அணைத்துவிட்டு அந்தச் சத்தத்தை நம்பிப் புல் அறுத்தவர்கள் உண்டு.

"ஏம்ப்பா, அந்த ஜன்னல் விளிம்புல ஒரு நிமிஷம் சாய்ஞ்சுக்கவா?"

"சாயறது உக்கார்றதுல சேருமான்னு தெரியல, செனட்டர். எதுக்கு வம்பு? என்மேல சாய்ஞ்சுக்கோங்க."

ஒப்டால் சாய்ந்தார். சாய்ந்தபடியே தின்றார். டெல்மரின் மனைவி ஆர்லிஸ் உருட்டிக் கொடுத்தனுப்பிய உருண்டைகளில் நாற்பத்தொன்று உள்ளே போயிருந்தன. பல்குச்சிகளைச் சட்டைப் பையில் சேர்த்துக்கொண்டே வந்ததில் பை முள்ளம்பன்றி போலிருந்தது.

நாற்பத்திரண்டாவதை வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்.

"உன் பொண்டாட்டி சமையலத் தின்னுட்டு உன்கிட்ட மறைக்கிறது பாவம்ப்பா. என் வேலியோரம் எவனோ வீசின புட்டி. கால் அறுத்துக்கிட்டு ரெண்டு கன்னுக்குட்டி போச்சு. நான் மசோதாவுக்குத்தான் கை தூக்கப் போறேன்."

டெல்மருக்குக் கடையின் கதவுமணிச் சத்தம் ஒருமுறை காதில் கேட்டு நின்றது.

கையை எடுத்தால் போதும்.

செனட்டர் தரையில் உட்காருவார், வாய் நிறைய இறைச்சியோடு. மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

டெல்மர் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல வாயில இருக்கறத முழுங்குங்க, செனட்டர். விழறதுன்னா அப்புறம் விழலாம்."

ஒப்டால் முழுங்கினார். முட்டி அதுவரை காத்திருந்தது, மரியாதை தெரிந்த முட்டி. பிறகு மடிந்தது. அந்தச் சத்தத்தைக் கதவு தட்டுவதாக நினைத்து இரண்டாம் மாடியில் மூன்று அறைகளிலிருந்து "உள்ள வாங்க" என்று குரல் வந்தது.

செவிலி அறையில் ஒப்டாலைப் படுக்கவைத்து இரண்டு முட்டிகளிலும் பனிக்கட்டி கட்டினார்கள். எழுந்திருக்க விடவில்லை. டெல்மர் கட்டிலருகே நின்றார். அங்கே நாற்காலி இருந்தது. ஆனால் பழக்கமாகிவிட்டது.

ஒன்பதரைக்கு மேல்மாடியில் வாக்கெடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று. சமமானால் மசோதா செத்தது என்பது அங்கே வழக்கம்.

செய்தியைக் கரீன்தான் கொண்டுவந்தாள். ஆர்லிஸின் தட்டைத் துடைத்து டெல்மர் கையில் கொடுத்தாள்.

"உங்ககிட்ட ஒப்படைச்சது நல்லதாப் போச்சு, டெல்மர். வேற யாராவது இருந்தா பாவம் பாத்து உக்கார வச்சிருப்பாங்க."

பிறகு தாழ்வாரத்துக்குப் போய், முப்பத்திரண்டு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குள் இழுத்துப் போட்டாள்.

அந்த மாநிலத்தின் சட்டப் புத்தகம் பதினான்கு தொகுதிகள். நின்று தின்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.