மூணாவது பாட்டில் வரும் குரல்

"அந்தப் பொம்பளை குரலை மட்டும் வெட்டித் தூக்கிட்டா, அது நல்ல பாட்டு மச்சான்" என்றான் பாலகுரு.

அருண்ராஜுக்கு டீ புரையேறியது. தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, யூனிஸ் அவன் தலையில் நாலு தட்டுத் தட்டினாள்.

'தகர டப்பா' ராக் குழுவுக்காக உயிரை விடும் ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு, அவர்கள் ஒரு சினிமாவுக்கு இசையமைத்த கதை தெரியாது. 'கடைசி லோக்கல்' என்ற அந்தப் படம் வந்த வேகத்தில் பெட்டிக்குள் போனது. கேசட் கடைக்கே வரவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் எஃப்.எம்.மில் எல்லாப் பாட்டையும் போட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு பாலகுரு மட்டும் ரேடியோ பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு பண்ணாமல் விட்டிருந்தால், அந்த ஆல்பம் காற்றோடு போயிருக்கும். தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் யார் கையில் இருப்பதும் அவன் கேசட்டின் நகல்தான். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா?

"டேய், அந்தக் குரல்தான்டா ஆல்பமே!" அருண்ராஜ் டம்ளரை நங்கென்று வைத்தான். "மூணாவது பாட்டு. கிடார் அப்படியே அடங்குது. ஹீரோ தண்டவாளத்து மேல தனியா நடக்கறான். சோ...ன்னு மழை. அப்ப ஒருத்தி கூப்புடறா பாரு, 'எம்மா நேரம்டா உனக்கோசரம் குந்தினு கீறது? வந்துடுடா!' யாருடா அவ? சாவுடா! சாவு அவனைக் கூப்புடுது!"

"நீ படத்தையே பாக்கலியே" என்றாள் யூனிஸ்.

"பாட்டுலயே தெரியுதே!"

"சாவு மெட்ராஸ் பாஷையா பேசும்?" என்றான் பாலகுரு.

"சாவப்போறவன் மெட்ராஸ்காரன். அவன்கிட்ட இங்கிலீஷ்லயா பேசும்? அதான்டா ராக்!"

யூனிஸுக்கு அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் பிடிக்காது. முதல் இரண்டு பாட்டும் தயாரிப்பாளருக்குப் பயந்து போட்டவை என்பது அவள் கட்சி. "ஆனா அந்தக் குரல் வந்தா மட்டும் எனக்குப் புல்லரிக்குதுப்பா. ஒவ்வொரு தடவையும்" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

பாலகுரு தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்தக் குரலால பாட்டே பேஜாராப் போச்சு. ரசனை இல்லாத ஜென்மங்க."

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் தகர டப்பா கச்சேரி. ஒரே ஒரு ரசிகரை மேடையேற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க விடுவார்கள். குலுக்கலில் அருண்ராஜின் பெயர் விழுந்திருந்தது. அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

"கேள்வி முடிவாயிடுச்சு. அந்தக் குரல் யாருது? அந்தம்மாவை மேடைக்குக் கூப்புடுங்கன்னு மைக்கைப் புடிச்சு கேக்கப்போறேன். சால்வைகூட வாங்கிட்டேன்."

"சால்வையா!" பாலகுரு பதறினான். "வேற எதனா கேளு மச்சான். டிரம்மர் ஏன் மொட்டை அடிச்சான்னு கேளு. ஊரே சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். அந்தக் குரல் மேல உனக்கு இன்னாடா அவ்ளோ காண்டு?"

பாலகுரு சட்டென்று எழுந்து பஸ்ஸைப் பார்த்து ஓடினான். அது அவன் ஊருக்குப் போகிற பஸ்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று பேருடைய பாஸும் பாலகுருவிடம் இருந்தன. மதியமே வந்துவிடுவதாகச் சொன்னவனைக் காணவில்லை. யூனிஸை மைதான வாசலில் நிறுத்திவிட்டு, அருண்ராஜ் சைக்கிளை மிதித்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கிடைக்கிற மைக் அது. அதை இந்தப் பாவி கெடுத்துவிடக் கூடாது.

இத்தனை வருஷப் பழக்கத்தில் பாலகுரு யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "கோவிலம்பாக்கத்துல ரொம்ப உள்ள மச்சான், வழி புரியாது" என்பான். கேட்டுக் கேட்டுப் போனால், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது வீடு.

கதவைத் திறந்த பாலகுருவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நீ... நீ இன்னாடா இங்க? முனைக்குப் போய் நில்லு. பாஸை எடுத்துனு ஓடியாறேன். போடா, சீக்கிரம் போ!"

"வூட்டுக்கு வந்தவனை உள்ளகூடக் கூப்புட மாட்டியா?" அருண்ராஜ் சால்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

அப்போதுதான் கேட்டது. சோ...வென்ற சத்தம்.

"ஐயோ மழை! கச்சேரி போச்சு!" என்று அலறி அண்ணாந்து பார்த்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் கொளுத்தியது. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கூடவே காரசாரமாக ஒரு மசாலா வாசனை.

பாலகுரு கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"எம்மா நேரம்டா உனக்கோசரம் குந்தினு கீறது? வந்துடுடா!"

அதே குரல். அதே இழுப்பு. அருண்ராஜின் கை முழுக்கப் புல்லரித்தது. சால்வை நழுவிச் செருப்புகள் மேல் விழுந்தது. "தோ வரேம்மா!" என்றான் பாலகுரு ஈனக்குரலில்.

அடுப்படியிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை கேசட்டில் இல்லாத வரிகளோடு: "வாசல்ல ஆருடா, உன் ஃபிரண்டா? அந்தப் புள்ளையையும் இட்னு வா, வறுத்த மீனு ஆறுது!"