பின்பக்கம் பார்க்கும் ஹார்ன்

ஜமுனாமரத்தூர் கிறிஸ்துமஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்க, பிரெஞ்சு ஹார்ன் என்னும் பித்தளை ஊதுவாத்தியங்கள் இரண்டு வந்திருந்தன. மெர்சிலின் முதலாவதை ஊதிக் காட்டினாள்.

“இன்னாம்மா, வயலினையெல்லாம் முழுங்கிடுச்சே!” என்றார் மாஸ்டர் செல்வநாதன்.

“இதுவே இருக்கட்டும் மாஸ்டர்.”

“உன் சத்தம் மட்டும் கேக்கணுமா?”

வயலின்காரர்கள் சிரித்தார்கள். மெர்சிலின் தலைகுனிந்தாள். ஆனாலும் அந்த ஹார்னை மடியிலிருந்து இறக்கவில்லை.

“ஏற்கெனவே உன் வூட்டுக்காரர் டிரம்முல தாளம் தப்புறாரு. இன்னொரு வாட்டி தப்புனா ஆளை மாத்திடுவேன். நீயும் படுத்தாத. அடுத்ததை எடு. ஹார்ன் வாய் பின்னாடிதானே பாக்குது, பின்னாடி இருக்கிற அவரே சொல்லட்டும்.”

அவள் தயங்கித் தயங்கி இரண்டாவதை உதட்டில் வைத்தாள். விரல்கள் அசைந்தன.

“இதான் மாஸ்டர்!” என்றான் அவள் கணவன் டோமினிக், பின்னால் டிரம்மிலிருந்து. “பட்டு மாதிரி கீது!”

வயலின்காரர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மலைக்குளிரில் சில்லிட்ட பித்தளையைச் சூடாக்க அவள் வெறும் மூச்சைத்தான் விட்டிருந்தாள். இன்னும் ஊதவே இல்லை.

மாஸ்டர் அருகில் வந்து, “எப்பலேர்ந்தும்மா அவருக்குக் காது கேக்கல?” என்றார்.

மெர்சிலின் முதல் ஹார்னை இறுக அணைத்துக்கொண்டாள்.

“இது அவருக்குக் கேக்குது மாஸ்டர்.”