ரயில் ஹோட்டலில் ஜன்னலோர மேஜை

அன்று அந்த விளையாட்டுப் பூங்காவில் எங்கள் குடும்பத்தார் ஐந்தே பேர்: முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய ஒரே மகன், மருமகள், அவர்களுடைய இரண்டரை வயது இரட்டைகள், செல்லப் பெயரில் உருண்டையும் வாலுவும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

"இதுவும் வேண்டாம்" என்றாள் மருமகள்.

கொள்ளைக்காரக் கப்பல் போலக் கட்டியிருந்த ஹோட்டலின் வாசலில் மகன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்தான். மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்காவிட்டால் மாலை முழுக்க அழுகைக் கச்சேரிதான். முந்தைய நாளே பட்டாகிவிட்டது.

"இதுக்கு என்னடி குறைச்சல்? குழந்தை நாற்காலி இருக்கு. வரையறதுக்குக் கலர் பென்சில்கூடத் தர்றாங்க."

"எல்லாமே மொறுமொறுன்னு பொரிச்சது. பிள்ளைங்க எப்படிங்க மெல்லும்?"

வண்டிக்குள் உருண்டை ஒரு ஆப்பிளைப் பாதிவரை கடித்து முடித்திருந்தான். வாலு ஒரு ரஸ்க்கை நறுக் நறுக்கென்று அரைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன்னால் கோட்டை ஹோட்டல். கரடி வேஷக்காரர் மேஜை மேஜையாக வந்து கை குலுக்கும் இடம். "சுட்ட சோளமும் சுட்ட கறியும்தான் இருக்கு" என்று அங்கேயும் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டாள்.

பெரியவர் இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். காலையிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. பெரிய மீசைக்குக் கீழே உதடுகள் இறுக மூடியிருந்தன. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் சத்தம் போட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் நிமிர்ந்து நிற்பான். அப்படிப்பட்ட மனிதர் பேசாமல் இருந்தால் கோபம் எந்த உயரத்தில் இருக்கும் என்று மகனுக்குத் தெரியும்.

"அப்பா மூஞ்சியைப் பார்த்தியா? காலைலேர்ந்து ஒரு டம்ளர் டீயோட நிக்கறார்."

"பார்த்தேன். அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் நடங்க."

அடுத்தது ரயில் ஹோட்டல். குட்டி ரயில் தண்டவாளத்தில் ஓடி வந்து மேஜைமேல் தட்டை இறக்கிவிட்டுப் போகும். இரட்டைகள் வண்டியிலேயே எழுந்து நின்று "டயிலு! டயிலு!" என்று கத்தின. மருமகள் வாசலில் மாட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள்.

"இங்கயும் குழைவா ஒண்ணும் இல்ல. வாங்க."

"ரெண்டு மாசம் முன்னாடியே ஜன்னலோர மேஜை பிடிச்சு வச்சிருக்கேன்டி!"

"மேஜையையா சாப்பிடப் போறோம்?"

வண்டியைத் திருப்பியதும் இரண்டு தொண்டைகளும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகனுக்கு மானம் போயிற்று. போனை எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அடித்துத் தள்ளினான்: "பிள்ளைங்களுக்கு ஹோட்டல் பார்க்கறேன்னு எங்க வீட்டு மகாராணி அப்பாவைப் பட்டினி போட்டு வெயில்ல அலைய விடறா."

கடைசியில் அவள் போய் உட்கார்ந்தது முதலுதவி அறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாதாரணக் கேண்டீனில். கரடி இல்லை, கப்பல் இல்லை, ரயிலும் இல்லை. சூப், மசித்த உருளைக்கிழங்கு, குழைய வெந்த சாதம், புட்டிங். பிள்ளைகளுக்கென்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக வாங்கி வந்து பரப்பினாள்.

பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வாய் வாங்கிக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளிவிட்டன.

"மாமா, வீணாப் போகுது பாருங்க. நீங்களே முடிச்சிடுங்க."

பெரியவர் தலை நிமிராமல் ஒவ்வொரு கிண்ணமாக முடித்தார். அடுத்தவர் தட்டில் கை வைத்தறியாத அப்பா, பிள்ளைகள் ஒதுக்கியதைச் சாப்பிடுகிறார். மகன் மனைவி பக்கம் திரும்பினான்.

"எச்சிலைச் சாப்பிட வச்சுட்ட. திருப்தியா உனக்கு?"

அவள் வாலுவின் வாயைத் துடைத்தாள்.

அப்போது பெரியவரின் போன் அடித்தது. அவருடைய அக்கா. அந்தம்மாளின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அவள் காதுக்கு ஒரு விஷயம் போனால், பொழுது சாய்வதற்குள் மொத்தச் சொந்தத்துக்கும் போய்விடும்.

"ஏண்டா தம்பி! பிள்ளைங்களைச் சாக்கு வச்சு உன் மருமக உன்னைப் பட்டினி போட்டாளாமே? நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு நடந்திருக்காடா? எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க!"

மருமகளின் கை அப்படியே நின்றது. "நீங்க பேசாதீங்க மாமா" என்றாள் மெதுவாக. "என்னையே சொல்லிட்டுப் போகட்டும்."

பெரியவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அன்று முதல்முறையாக வாய் திறந்தார். குரலில் பாதி காற்றுதான் வந்தது.

"நீ கேள்விப்பட்டது பொய்க்கா. காலைல என் பல்செட்டு உடைஞ்சுபோச்சு. அவ வாசல் வாசலாத் தேடினது எனக்குச் சாப்பாடு."